அஞ்சாதவர்களின் காயல்

படகு ஏறுவதற்கு முன்னால் காவல் வளையைச் சோதித்துப் பார்ப்பது காயல் துப்புரவுப் பிரிவில் எல்லோருக்கும் பழக்கம். முத்துப்பேச்சி தன் இடது மணிக்கட்டைக் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கு அருகே கொண்டுபோனாள். வளை அதிர்ந்தது. "சூடு. கையை எடு" என்றது அதற்குள் இருந்த பெண் குரல். எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற லூர்துவும் அதையே செய்தான். வளைகள் வேலை செய்கின்றன என்று தெரிந்ததும், இருவரும் அதே பாத்திரத்திலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படகில் ஏறினார்கள்.

மின்படகு எல்லைக் கொடி வரை போய் நின்றது. அதற்கு மேல் அது போகக் கூடாது. அணைப்போரின்போது காயல் முழுக்க விதைக்கப்பட்ட நீர்க்கண்ணிகள் மோட்டாரின் அதிர்வையும் இரும்பின் நெருக்கத்தையும் தெரிந்துகொண்டு வெடிப்பவை. எந்திரக் கைகளை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். ஒன்றுகூட முழுதாகத் திரும்பவில்லை. மனிதக் கை போகலாம். ஆனால் அது நடுங்காத கையாக இருக்க வேண்டும். மூடியைத் திருகும்போது சின்ன உதறல் இருந்தாலும் கண்ணி விழித்துக்கொள்ளும்.

பேச்சியும் லூர்துவும் நீந்திப் போய், சேற்றில் பாதி புதைந்திருந்த ஒரு கண்ணியின் இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள். லூர்து கண்ணியின் உடலைப் பிடித்துக்கொள்ள, பேச்சி பீங்கான் மூடியை மெல்லத் திருகினாள். முகமூடிக்குள் இருந்த நீர்ப்பேசியில் லூர்துவின் குரல் வந்தது.

"நேத்து என்ன கொழம்பு வச்ச?"

"சாள மீனு. புளி கூடிப் போச்சு."

"ஒனக்கு எப்பவும் கூடத்தான் செய்யும்" என்றான். மூடி கழன்று வந்தது. உள்ளே இருந்த கண்ணாடிக் குப்பியை அவள் உருவி எடுத்தாள். அது கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவர்கள் இருவரும் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். பேச்சிக்கு அது தெரியும். தெரிந்ததே தவிர, வேறு ஒன்றும் ஆகவில்லை. அவள் இதயம் கரையில் தேநீர் குடித்தபோது துடித்த மாதிரியேதான் துடித்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்குப் பயம் வராது. போர் நடந்த காலத்தில், கீழ்க்கரைப் படையும் மேலணைப் படையும் போட்டி போட்டுக்கொண்டு சிறுவர்களைப் பிடித்துப் போயின. பிடித்த சிறுவர்களின் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு அச்சத்தடைச் சில்லு வைத்தார்கள். வளர்ந்தவர்களின் மூளை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் மூளைதான் ஏற்றது. பேச்சிக்குப் பத்து வயதில் வைத்தார்கள். அவளுடைய சிறு குழுவை நடத்தியவன் லூர்து. அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டுகூட ஆகவில்லை.

போர் ஒருவழியாக முடிந்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டபோது, இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சில்லை வெளியே எடுக்க முடியாது. மூளை அதைச் சுற்றி வளர்ந்திருந்தது. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டார்கள், வண்டிக்குக் குறுக்கே நடந்தார்கள், பேச்சுவாக்கில் மொட்டை மாடி விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தார்கள். அதனால் காவல் வளை கொடுத்தார்கள். ஆபத்து எது என்று அது அவர்களுக்குச் சொல்லும். பிறகு ஒரு சட்டம் வந்தது: அச்சமற்றோர் வாகனம் ஓட்டக் கூடாது, உயரத்தில் வேலை செய்யக் கூடாது, எந்தக் குழந்தையுடனும் தனியாக இருக்கக் கூடாது. கண்ணி எடுக்கலாம்.

பேச்சிக்கு ஒரு குழந்தை இருந்தது. பெயர் பூரணி, மூன்று வயது. அவள் தன் அப்பா தவசியிடம் வளர்ந்தாள். தவசி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பழுது பார்ப்பவன். போருக்குப் போனவன் இல்லை. ஒரு புயல் நாளில் ஆலையின் கூரை பறந்தபோது எல்லோரும் ஓட, அங்கே சாப்பாடு கொண்டுவந்திருந்த பேச்சி மட்டும் நின்று அவனைக் குழாய்களுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டாள். அந்த முகத்தின் அமைதியைப் பார்த்துத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். அந்த அமைதி ஒரு குழந்தைக்குப் போதாது என்று பின்னால்தான் இருவருக்கும் தெரிந்தது. பேச்சி துப்புரவுப் பிரிவின் குடியிருப்பில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தவசியின் வீட்டுக்குப் போவாள். அவன் கூடவே இருப்பான். மகளை மடியில் வைத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பேச்சி அவளுக்கு எதிரில் இருந்தாள். தவசி அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று குழந்தையின் வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. கடலை தொண்டையில் அடைத்துவிட்டது என்று பேச்சி உடனே புரிந்துகொண்டாள். படை முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: குப்புறக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தட்ட வேண்டும். ஒவ்வொன்றும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அவள் மகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வளை அசையவில்லை. ஆபத்து அவளுக்கு இல்லையே.

தவசி எதற்கோ திரும்பிப் பார்த்தான். பானையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். கொதிக்கும் கஞ்சி அவன் பாதத்தில் கொட்டியதை அவன் கவனிக்கவில்லை. குழந்தையைக் கவிழ்த்துத் தட்டினான். கடலை தெறித்து விழுந்தது. பூரணி வீறிட்டு அழுதாள். அவளை மார்போடு அழுத்திக்கொண்டு தவசி சுவரில் சாய்ந்தான். அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சி, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்தேன்."

"என்ன செய்யணும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்" என்றாள் அவள். "எந்திரிக்கணும்னு தோணல."

தவசி குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளுத்த முகத்தில் இருந்தது எதுவோ, அது தன்னிடம் இல்லை. தவசி திரும்பிப் பார்த்திராவிட்டால், அது இல்லாத தன் எதிரிலேயே மகள் செத்துப் போயிருப்பாள். கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் அவள் அச்சமற்றோருக்கான மீட்பு மையத்துக்குப் போனாள்.

மையத்தின் டாக்டர் ஹமீதா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். சில்லை எடுக்க முடியாவிட்டாலும் அதன் பிடியைத் தளர்த்த முடியும். அந்தத் தளர்வு சிகிச்சைக்கு வருபவர்கள் மிகவும் குறைவு.

"ஏன் யாரும் வர்றதில்லைன்னு தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர். "உங்களுக்கு எதுவும் மறக்கல, பேச்சி. நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கு. அதுல பயம் மட்டும் இல்ல. சில்லு தளர்ந்த பிறகு ஒண்ண நினைச்சா, அன்னிக்கு வராத பயம் இன்னிக்கு வரும். போர் முழுக்க உங்களுக்கு மறுபடி நடக்கும். தாங்காம மறுபடி பூட்டச் சொன்னவங்க இருக்காங்க. அதையும் கேக்காம உயிர விட்டவங்களும் இருக்காங்க."

"எனக்கு இப்பப் பயமா இல்ல டாக்டரம்மா. அதனால நீங்க சொல்லுதது எனக்கு ஒறைக்கல" என்றாள் பேச்சி. "தளத்துங்க. எம்புள்ள மூச்சு முட்டுனா நான் எந்திரிக்கணும்."

பேச்சி மையத்திலேயே தங்கியிருக்க, தளர்வு படிப்படியாக நடந்தது. முதலில் வந்தவை சின்னச் சின்னப் பயங்கள். ஜன்னலில் காக்கை இறக்கையடித்தால் திடுக்கிட்டாள். மாடிப்படியின் மேல் நின்று கீழே பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. அது என்னவென்று தெரியாமல் வாந்தி வருகிறது என்று நினைத்தாள். குக்கர் விசிலுக்கு முகத்தை மூடிக்கொண்டாள். வளை பேசும் முன்பே கை தானாக விலகியது. டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். பேச்சிக்குச் சிரிக்க வரவில்லை. உலகம் முழுக்கக் கூரான ஓரங்களாக இருந்தது. இத்தனை நாள் இதற்குள்தான் மற்றவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்களா என்று இருந்தது.

பிறகு நினைவுகள் வந்தன. குண்டுகளும், போரில் ஊர்ந்துபோன குழாய்களின் இருட்டும் வரும் என்று அவள் தயாராக இருந்தாள். அவையும் வந்தன. கட்டில் கால்களைப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாங்கினாள். ஆனால் அவளைக் கீழே தள்ளியது வேறொன்று.

சில்லு வைத்த கொஞ்ச நாளில் அவள் அம்மா முகாம் வாசலுக்கு வந்திருந்தாள். தூக்குவாளியில் புட்டு கொண்டுவந்திருந்தாள். அப்போது பேச்சி, மற்றப் பிள்ளைகளோடு உயரமான மதிலின் விளிம்பில் ஓடிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா முள்வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எறங்குட்டி! ஏட்டி பேச்சி, எறங்கிருட்டி!" என்று கதறினாள். முள் குத்தி அவள் கையிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்த முகம் கோணிப்போயிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். ஒரு காலைத் தூக்கி நின்றும் காட்டினாள். அந்த வருடமே கடற்கரைக் குடியிருப்பில் விழுந்த குண்டில் அம்மா போய்விட்டாள். செய்தி சொன்னபோது பேச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்தாள்.

இப்போது அந்த முகம் அவளுக்கு விளங்கியது. சோற்றுப் பானையைப் போட்டுவிட்டு ஓடிவந்த தவசிக்கும் அதே முகம்தான். டாக்டர் ஹமீதா வந்து பார்த்தபோது பேச்சி கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள்.

"பூட்டிரலாமா, பேச்சி?" என்று டாக்டர் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

பேச்சி முகத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். பிறகு, "எங்கம்மா எனக்காகப் பயந்திருக்கா, டாக்டரம்மா" என்றாள். "எனக்கு அது இன்னிக்குத்தான் வந்து சேந்திருக்கு. பூட்ட வேண்டாம்."

வேலைக்குத் திரும்பியபோது அவளுடைய கை நடுங்கியது. அப்படிப்பட்ட கையோடு கண்ணியிடம் போக முடியாது. பிரிவின் அதிகாரி அவளைப் படகில் உட்கார வைத்து, கயிறு பிடிக்கவும் நீர்ப்பேசியைக் கவனிக்கவும் சொன்னார். தண்ணீரின் மேல் உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. லூர்து அவளை ஒரு விநோதப் பொருளைப் போலப் பார்த்தான்.

"எப்படி இருக்குட்டி அது?"

"ஒடம்புக்குள்ள இன்னொருத்தி இருந்துக்கிட்டு, ஓடு ஓடுங்கா."

"ஓடி?"

"எங்க ஓடணும்னு சொல்ல மாட்டா."

லூர்து கொஞ்சம் யோசித்தான். "எனக்கு வேண்டாம். எனக்கு முகாம் வாசல்ல யாரும் வந்து நிக்கல. நான் எத நெனச்சுப் பயப்படணும், நீயே சொல்லு" என்று முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்தான். இப்போது அவனுக்குத் துணையாக வேறொருவன் போவதில்லை, ஆள் பற்றாக்குறை. தனியாகத்தான் போனான்.

அன்று அவர்கள் காயலின் முகத்துவாரத்துக்கு அருகே வந்திருந்தார்கள். அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தது. நீர்ப்பேசியில் லூர்து பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு கண்ணி. கொஞ்சம் சின்னது. கழுத்தில் பச்சைப் பாசிக்கயிறு மாதிரி ஒன்று சுற்றியிருக்கிறது. வளை ஒன்றும் சொல்லவில்லை, திருகப் போகிறேன்.

பச்சைக் கயிறு என்றதும் பேச்சியின் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஏன் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. போரின் கடைசி மாதங்களில் சிறுவர்களை இந்த முகத்துவாரத்துக்குக் கூட்டிவந்து இரட்டைக் கண்ணிகள் போடச் சொன்னார்கள். மேலே ஒன்று, சேற்றுக்குள் ஒன்று, நடுவே கயிறு. மேலே இருப்பதைத் திருகினால் கீழே இருப்பது வெடிக்கும். எடுக்க வருகிறவனைக் கொல்வதற்கென்றே செய்தது. அந்தக் கயிற்றைக் கட்டியது அவளும் லூர்துவும்தான்.

"அண்ணே, கை வைக்காத!" அவள் அலறியதில் படகோட்டி எழுந்து நின்றுவிட்டான். "லூர்து அண்ணே, வச்சிராத! மேல வா! வந்துரு, வந்துரு!"

நீர்ப்பேசியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வளை ஒண்ணும் சொல்லலியே" என்றான் லூர்து, நிதானமாக.

"வளைக்கு அதச் சொல்லிக்கொடுத்தவன் எவன்? அது எரட்டக் கண்ணி! நாமதான போட்டோம்!" அவளுக்குக் குரல் உடைந்தது. சொற்கள் தீர்ந்துபோய் வெறும் அழுகையாக வந்தது. அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அவன் மேலே வந்தான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகமூடியைக் கழற்றி அவளைப் பார்த்தான். அவள் கண்ணீரும் சளியுமாக, அவன் தோளைச் சட்டையோடு பிடித்துக்கொண்டு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. நாமதான் போட்டோம்" என்றான்.

"ஒனக்கு ஞாபகமே இல்லியா?"

"இருந்துச்சு. கயித்தப் பாத்ததும் வந்துச்சு. ஆனா அது என்கிட்ட ஒண்ணும் சொல்லல, பேச்சி. படம் மாதிரி சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு." அவன் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். "இது எனக்காகவா? நீ அழுதது?"

"பின்ன யாருக்காக?"

லூர்து தண்ணீரில் மிதந்தபடியே அதை நினைத்துப் பார்த்தான். "இதுக்கு முன்ன யாரும் எனக்காகச் செஞ்சதில்ல" என்றான்.

அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. முகத்துவாரத்தைத் திறந்தால்தான் கப்பல்கள் வர முடியும், மேலிடத்தில் நெருக்குகிறார்கள். பயந்தவள் ஒருத்தியின் கூச்சலுக்காக வேலையை நிறுத்த முடியாது என்றார். வளை சரி என்று சொன்ன இடத்தில் இறங்க வேண்டும் என்றார். பிரிவினர் எல்லோரும் கரையில் வரிசையாக நின்றிருந்தார்கள். இருபதைக் கடந்த வயதுக்காரர்கள். முகங்களில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"எங்களுக்குத் தெரியாது சார்" என்றான் லூர்து. "அவளுக்குத் தெரியுது. அவ கரையில நிக்கட்டும். அவ வாண்ணு சொன்னா நான் வந்துருவேன். இல்லேன்னா நான் எறங்கல."

அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் தன் முகமூடியைத் தரையில் வைத்தாள். அடுத்தவனும் வைத்தான். கோபமோ வீம்போ அவர்களிடம் இல்லை. அதிகாரி மிரட்டிப் பார்த்தார். மிரட்டல் அவர்களிடம் எடுபடாது என்பது அவருக்கே கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து பேச்சிக்குக் கரைக்காவல் என்று ஒரு வேலை ஏற்பட்டது. ஒவ்வொருவரும் கீழே பார்ப்பதைச் சொல்வார்கள், அவள் கேட்பாள். உடம்பு சொன்னால் திரும்ப அழைப்பாள். சில சமயம் காரணமே இல்லாமல் அழைத்துவிடுவாள். யாரும் முணுமுணுக்காமல் வந்து, தேநீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். இரட்டைக் கண்ணிகளைத் தூரத்திலிருந்து வெடிக்க வைத்தார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. மாலையில் எல்லோரும் கரையேறிய பிறகு அவளால் நிற்க முடியாது, மணலில் உட்கார்ந்துவிடுவாள். அத்தனை பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி பயந்து முடித்திருப்பாள்.

மகளோடு தனியாக இருக்க அனுமதி கேட்டுப் பேச்சி கொடுத்த மனு குடும்பநல மன்றத்தில் விசாரணைக்கு வந்தது. சோதனை மிக எளிமையானது. அவள் நெற்றியில் பயத்தை அளக்கும் பட்டை ஒன்றை ஒட்டி, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் பூரணி ஒரு நாற்காலியில் ஏறி, பிறகு மேசையில் ஏறி, அதன் ஓரத்துக்கு வந்தாள். கீழே மெத்தை போட்டிருந்தார்கள். பணியாளர் ஒருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். பேச்சி எழுந்து ஓடியதில் நெற்றி கண்ணாடியில் மோதிக் கிழிந்தது. நடுவில் கண்ணாடி இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அளவுக் கருவியைப் பார்க்க வேண்டிய அலுவலர் அதைப் பார்க்காமலே சம்மதமாகத் தலையசைத்தார்.

வாசலில் லூர்து காத்திருந்தான். தவசி பூரணியைத் தூக்கிக்கொண்டு வர, பேச்சி நெற்றியில் கட்டுடன் பின்னால் வந்தாள். குழந்தை லூர்துவைப் பார்த்துக் கையை நீட்டியது. லூர்து தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"மாமாட்ட வரக் கூடாதும்மா" என்றான் குழந்தையிடம். "நான் ஒன்னக் கீழ விட்டாலும் எனக்கு ஒறைக்காது."

"அண்ணே" என்று தொடங்கினாள் பேச்சி.

"நீ கூட்டிட்டுப் போ. காலையில கரையில பாப்போம்." அவன் படியிறங்கிக் கூட்டத்துக்குள் நடந்து போனான். குறுக்கே வந்த வண்டி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மறுபக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அவர்கள் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். பூரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் எண்ணெய்ச் சட்டி கொதித்தது, மிதிவண்டிகள் உரசிக்கொண்டு போயின, பழக்கடையில் ஒருவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அத்தனையும் மகளைக் குறிபார்ப்பது போலப் பேச்சிக்கு இருந்தது.

"அம்மா, கை வலிக்கு" என்றாள் பூரணி.

பேச்சி குனிந்து பார்த்தாள். குழந்தையின் விரல்கள் தன் பிடிக்குள் வெளுத்துப் போயிருந்தன. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். கை விடுபட்டதும் பூரணி கொஞ்ச தூரத்தில் கட்டியிருந்த ஓர் ஆட்டுக்குட்டியை நோக்கி ஓடினாள். பேச்சியின் கால் முன்னே பாய்ந்தது. தவசி அவள் முழங்கையைத் தொட்டான்.

"போவட்டும். பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அமைதியாகப் பேசினானே தவிர, அவன் கண் ஆட்டுக்குட்டியின் மேலும் தெருவின் மேலும் மாறிமாறிப் பாய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் கண்டுகொண்டதில்லை.

"ஒங்களுக்கு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"எப்பவும்" என்றான் தவசி.

பூரணி ஆட்டுக்குட்டியின் நெற்றியைத் தொட்டுவிட்டுச் சிரித்தபடி அவர்கள் பக்கம் திரும்பினாள். பேச்சி பதிலுக்குச் சிரிக்க முயன்றாள். உடம்பு ஓடச் சொன்னது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.